ஏதென்ஸிலிருந்து பேசுகிறேன்

மூன்றாவது முறையும் சேவல் கூவியதும் மேனேஜர் வெர்கிஸ் பேச்சை நிறுத்தினார்.

"அது என்னய்யா சத்தம்?" என்று கம்ப்யூட்டர் திரைக்குள்ளிருந்து கேட்டார்.

"பக்கத்து ஃபிளாட்காரர் போன் சார்" என்றான் ஸ்டாதிஸ். "மணிச் சத்தத்துக்குச் சேவலை வச்சிருக்கார்."

"எடுத்துப் பேசச் சொல்லுங்க. யாரோ அவசரமா கூப்பிடறாங்க போல."

ஸ்டாதிஸ் கதவருகே போய், "சார், போன் அடிக்குது!" என்று ஆளில்லாத முற்றத்தைப் பார்த்துக் கத்திவிட்டு வந்தான். முற்றத்தில் நின்ற சேவல் அவனைத் திரும்பிப் பார்த்து, நான்காவது முறையாகக் கூவியது.

விஷயம் இதுதான். கப்பல் சரக்குகளுக்குக் காப்பீடு செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டாதிஸுக்கு வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். ஆனால் வீடு ஏதென்ஸில் இருக்க வேண்டும். முதலாளியம்மா ஒலிம்பியாவின் கண்டிப்பான உத்தரவு அது. கடல் கண்ணில் பட்டால் மனுஷனுக்குக் கணக்கு வராது என்பது அவர் கட்சி. போன மாதம் தெக்லா என்ற பெண் இட்ரா தீவிலிருந்து பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு கழுதை கத்தியது. கழுதை கத்தி முடிப்பதற்குள் தெக்லாவுக்கு வேலை போய்விட்டது.

ஸ்டாதிஸோ வசந்த காலம் தொடங்கியதிலிருந்து தீவு தீவாகத் திரிந்துகொண்டிருந்தான். கப்பலை விட்டு இறங்கியதும் "ரூம், ரூம்" என்று போட்டோவைத் தூக்கிப் பிடிப்பவர்களிடம் அவன் நிற்கவே மாட்டான். நேரே ஊருக்குள் நடப்பான். எந்த வீட்டுக் கொடியில் படுக்கை விரிப்பு பளிச்சென்று காற்றில் படபடக்கிறதோ, அந்த வீட்டுக் கதவைத் தட்டுவான். இதுவரை ஏமாந்ததில்லை. சிகினோஸ் தீவில் மலைமேல் இருந்த ஊரில் பொலிக்செனி வீட்டு அறை அப்படித்தான் கிடைத்தது. ஒரு முழம் கனத்த சுவர், நீலக் கதவு போட்ட ஜன்னல், ஜன்னலுக்கு அடியில் மேசை, சந்துக்கு அப்பால் கூரைகள், கூரைகளுக்கு அப்பால் கடல். இனிமேல் வேறு எங்கும் போவதில்லை என்று வந்த அன்றே முடிவு செய்துவிட்டான்.

"இன்னொரு விஷயம்" என்றார் வெர்கிஸ். "திங்கட்கிழமை காலைல எல்லாருக்கும் மீட்டிங். முதலாளியம்மாவே வர்றாங்க. யார் யார் எங்க இருக்கீங்கன்னு அவங்களே பார்க்கப் போறாங்களாம். ஜாக்கிரதையா இருங்க."

திரை அணைந்தது. ஸ்டாதிஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

பொலிக்செனி உருளைக்கிழங்கு உரித்தபடி எட்டிப் பார்த்தாள். கணவன் சரக்குக் கப்பலில் இருந்ததால், ஊரில் மிச்சமிருந்த எல்லாரையும் அதட்டிப் பழகியவள்.

"என்ன தம்பி, யாராவது செத்துட்டாங்களா?"

"என் வேலைதான் அக்கா சாகப் போகுது. உங்க சேவலால."

கதை முழுவதையும் கேட்டவள் கத்தியைத் துடைத்துக்கொண்டாள். "அவ்வளவுதானே? சூப் வச்சுடலாம்."

"ஐயோ, வேண்டாம்! அது பாவம். திங்கட்கிழமை காலைல மட்டும் சத்தம் போடாம இருந்தாப் போதும்."

"சேவலை விடு. இந்த ஊர்ல சத்தம் போடாதது எதுன்னு சொல்லு பார்ப்போம்."

அவள் சொன்னது சரி. கோயில் மணி, கழுதைகள், ஒலிபெருக்கியில் தக்காளி விற்றுக்கொண்டு வரும் காய்கறி வண்டி, எதிரே லினார்தோஸின் காப்பிக் கடை. லினார்தோஸ் ஒருத்தர் பேசினாலே பத்துப் பேர் பேசுவது போலிருக்கும். முப்பது வருஷம் கப்பல் பட்டறையில் தொழிற்சங்கத் தலைவராக இருந்த தொண்டை அது.

சாயங்காலமே பொலிக்செனி காப்பிக் கடையில் ஊரைக் கூட்டிவிட்டாள்.

"நம்ம புள்ள வேலை போயிடும்" என்றாள். ஸ்டாதிஸ் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

"தொழிலாளி எங்க உட்கார்ந்து வேலை செய்யணும்னு முதலாளி சொல்றதா?" என்று லினார்தோஸ் மேசையைக் குத்தினார். மூன்று கோப்பைகள் துள்ளின. "விடக்கூடாது!"

"திங்கட்கிழமை மட்டும் நீ வாயை மூடிட்டு இரு. அதுவே பெரிய போராட்டம்" என்றாள் பொலிக்செனி.

பாதிரியார் தாடியை நீவினார். "மணியை நான் பார்த்துக்கறேன். சேவலையும் கொண்டாங்க, கோயில் சரக்கு அறையில அடைச்சுடலாம். ஆனா பொய் சொல்றதுக்குத் துணை போறோமேன்னுதான்..."

"யார் சாமி பொய் சொல்லச் சொன்னது? சும்மா இருங்கன்னுதானே சொல்றோம்."

"அப்படின்னா சரி" என்றார் பாதிரியார் நிம்மதியாக.

திங்கட்கிழமை விடிந்தது. கழுதைகள் மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தன. காய்கறி வண்டி கீழே வளைவிலேயே நிறுத்தப்பட்டது. பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். லினார்தோஸ் வாயில் ஒரு துண்டு ரொட்டியை அடைத்துக்கொண்டு, ஜன்னலுக்குக் கீழே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். உள்ளே வந்த ஸ்டாதிஸ், தன் முதுகுக்குப் பின்னால் சுவரில் அக்ரோபோலிஸ் படம் ஒன்று மாட்டியிருப்பதைக் கண்டு திடுக்கிட்டான்.

"அக்கா, இது எதுக்கு?"

"ஏதென்ஸ்னு தெரிய வேண்டாமா?"

"ஏதென்ஸ்காரன் வீட்டுல யார் அக்கா இதை மாட்டுவாங்க?" என்று அதைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளுவதற்கும், திரையில் முகங்கள் தோன்றுவதற்கும் சரியாக இருந்தது.

நடுவில் ஒலிம்பியா. முத்து மாலை, வெள்ளிக் கம்பி போல் முடி, எதையும் நம்பாத கண்கள். ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே வந்தார். ஒருவன் வீட்டில் ட்ராம் மணி, ஒருத்தி வீட்டில் மாடிக்காரர் ஆணி அடிக்கும் ஓசை. தலையாட்டிக்கொண்டே வந்தவர் ஸ்டாதிஸிடம் நின்றார்.

"நீ எங்கேப்பா இருக்கே?"

"ஏதென்ஸ்லதான் அம்மா. கிப்ஸெலி பேட்டையில, என் வீட்டுல."

"கிப்ஸெலியா? திங்கட்கிழமை காலைல? ஒரு ஹாரன் இல்லை, ஒரு மோட்டார் சைக்கிள் இல்லை, ஒரு சண்டை இல்லை. சுடுகாட்டுலயா குடியிருக்கே?"

ஸ்டாதிஸுக்கு வியர்த்தது. ஊரே தனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதுவே தன் கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது?

"ஜன்னல் சாத்தியிருக்கு அம்மா."

"திற. கேட்போம்."

திறந்தான். காற்று மட்டும் உஸ்ஸென்றது.

"ஒண்ணும் கேட்கலையே?"

"தெருவை அடைச்சுட்டாங்க அம்மா. அது வந்து... ஊர்வலம்! இன்னிக்கு எங்க தெருவுல பெரிய ஊர்வலம். அதான் வண்டி எதுவும் இல்லை."

"அப்படியா? ஊர்வலம் எப்ப வரும்?"

"இதோ அம்மா... இப்ப வந்துடும்."

"நல்லது. வரட்டும். காத்திருக்கேன்" என்று ஒலிம்பியா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

ஜன்னலுக்குக் கீழே லினார்தோஸ் வாயிலிருந்த ரொட்டியைத் துப்பினார். ஊர்வலம்! ஓய்வு பெற்றதிலிருந்து அவர் காத்திருந்த சொல் அது. ஒரே தாவலில் எழுந்து, எதிர்ச் சுவர் ஓரம் செருப்பும் கையுமாக நின்றவர்களைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

"தோழர்களே! கிளம்புங்க!"

"எங்கே?" என்றார் பாதிரியார் கிசுகிசுப்பாக.

"எங்கேயோ! நடங்க! கத்துங்க!"

முதலில் ஐந்து பேர். பிறகு பெண்கள் வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பானை மூடிகளோடு வந்தார்கள். வளைவில் நின்ற காய்கறி வண்டிக்காரன் சத்தம் கேட்டு, தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒலிபெருக்கியோடு மேலே ஏறி வந்தான். லினார்தோஸ் அதைப் பிடுங்கிக்கொண்டார். மூன்று ஜெர்மன் சுற்றுலாப் பயணிகள், இது ஊர்த் திருவிழா என்று முடிவு செய்து கைதட்டிக்கொண்டு சேர்ந்தார்கள்.

"பட்டறையை மூடாதே!" என்று முழங்கினார் லினார்தோஸ்.

"எந்தப் பட்டறை? நம்ம ஊர்ல பட்டறையே இல்லையே!" என்றாள் பானை மூடி வைத்திருந்த ஒருத்தி.

"சரி, உனக்கு என்ன வேணுமோ அதைக் கேளு!"

அவ்வளவுதான். பல வருஷமாகத் தேங்கிக் கிடந்தது மடை திறந்தது.

"டாக்டர் வேணும்!"

"குழாய்ல தண்ணி வேணும்!"

"ஞாயித்துக்கிழமையும் கப்பல் வேணும்!"

ஒலிம்பியா காதைச் சாய்த்தார். "கிப்ஸெலிக்குக் கப்பல் எதுக்குப்பா?"

"மாலுமிகள் சங்கம் அம்மா" என்றான் ஸ்டாதிஸ்.

"கழுதைப் பாதையைச் சரி பண்ணு!" என்றது ஒலிபெருக்கி.

"கழுதைன்னு காதுல விழுதே?"

"அமைச்சரைத் திட்டறாங்க அம்மா."

ஒலிம்பியாவின் முகத்தில் முதல்முறையாக ஒரு புன்னகை எட்டிப் பார்த்தது. அதுதான் வினையாகப் போயிற்று. "கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பு. பார்க்கணும் போலிருக்கு."

ஸ்டாதிஸின் உயிர் பாதி போயிற்று. ஜன்னலுக்கு வெளியே நீலமாக, அகலமாக, மறைக்கவே முடியாதபடி ஏகேயன் கடல் கிடந்தது. "ஒயர் சின்னது அம்மா" என்றான். "லேப்டாப்புக்கு ஒயர் எதுக்கு?" என்றார் அவர். மேலே பேச முடியாமல் மெதுவாக, மிக மெதுவாகத் திருப்பினான்.

ஜன்னல் முழுக்க வெள்ளையாக ஏதோ படபடத்தது. கொடியிலிருந்து உருவிய படுக்கை விரிப்பை ஒரு முனையில் பொலிக்செனியும் மறுமுனையில் பாதிரியாரும் பிடித்துக்கொண்டு, காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பேனரா? ஒண்ணும் எழுதலையே?"

"கோரிக்கை இன்னும் முடிவாகலை அம்மா."

அந்த நேரம் பார்த்து, பாதிரியார் விட்டுவிட்டு வந்த கோயில் சரக்கு அறையிலிருந்து சேவல் கூவியது. ஊர்வலமே ஒரு கணம் நின்றது.

ஒலிம்பியாவின் புன்னகை மறைந்தது. "காலைல ரேடியோவுல ஊர்வலம்னு எதுவும் சொல்லலையே. எனக்கென்னவோ சரியாப் படலை. வெர்கிஸ், இவன் நிஜமாவே கிப்ஸெலியிலதான் இருக்கானா?"

ஸ்டாதிஸ் கண்ணை மூடிக்கொண்டான். நீலக் கதவும் மேசையும் கடலும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போவது போலிருந்தது. இனி தினமும் பஸ், லிப்ட், எதிர்வீட்டுச் சுவர்.

தெருவில் லினார்தோஸ் சுதாரித்துக்கொண்டு, "மேல் தெரு வழியா போவோம்!" என்று கூட்டத்தைத் திருப்பினார். கோஷம் மறுபடி கிளம்பிச் சந்தில் ஏறியது.

வெர்கிஸ் தொண்டையைக் கனைத்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஊர்வலம் நிஜம்தான் அம்மா. ரொம்பப் பெரிய ஊர்வலம். எங்க வீட்டு வழியாவும் வர்றாங்க. நீங்களே கேளுங்க" என்று எழுந்துபோய் எதையோ திறந்தார்.

"டாக்டர் வேணும்! தண்ணி வேணும்!" என்று அவர் பக்கமிருந்தும் வந்தது.

ஸ்டாதிஸ் கண்ணைத் திறந்தான். வெர்கிஸ் வீடு கிஃபிஸியாவில், நகரத்தின் அந்தக் கோடியில். அங்கே எந்த ஊர்வலமும் போகாது. தன் மைக்கில் நுழைந்த சத்தம்தான் அவர் ஸ்பீக்கரில் எதிரொலிக்கிறது. மனிதருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தும், தன் பதவியையே பணயம் வைத்து, ஒரு சாதாரண குமாஸ்தாவுக்காகப் பொய் சொல்கிறார்! இத்தனை நாள் அவரைக் கல் நெஞ்சர் என்று நினைத்ததற்கு ஸ்டாதிஸ் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டான்.

"கிஃபிஸியா வரைக்கும் வந்துட்டாங்களா!" என்றார் ஒலிம்பியா. அவர் குரல் இளகிவிட்டது. "இதுதானய்யா ஏதென்ஸ்! தீவுல போய்ப் படுத்துக் கிடக்கறவங்களுக்கு இது எங்கே தெரியப் போகுது? ரெண்டு பேரும் இன்னிக்கு வெளியில தலை காட்டாதீங்க. கூட்டம் கலையட்டும்."

திரை அணைந்தது. ஸ்டாதிஸ் ஜன்னல் வழியாகவே சந்தில் குதித்தான்.

"பொழைச்சேன்!" என்று பொலிக்செனியைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான்.

"விடுடா, விரிப்பு அழுக்காகுது!" என்று அவள் சிரித்தாள்.

ஊர்வலம் மேல் தெருவைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. கலைய யாருக்கும் மனசில்லை. காப்பிக் கடை முன்னால் மேசைகள் ஒன்று சேர்ந்தன. ஊஸோ சாராயம் வந்தது, ஆட்டுப் பாலாடைக் கட்டி வந்தது, எலுமிச்சை இலையில் வைத்த எள் மிட்டாய் வந்தது. ஜெர்மன்காரர்கள் "ஞாயித்துக்கிழமை கப்பல்" என்பதைக் கிரேக்கத்தில் தப்பில்லாமல் சொல்லக் கற்றிருந்தார்கள். லினார்தோஸுக்குக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் பத்து வயசு குறைந்து தெரிந்தார். பாதிரியார் மட்டும், "சும்மா இருக்கத்தானே ஒத்துக்கிட்டேன்" என்று ஊஸோவிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்டாதிஸ் கோப்பையை உயர்த்தினான். "என்னைக் காப்பாத்தினது நீங்க பாதி. மீதி எங்க மேனேஜர். ஏதென்ஸ்ல உட்கார்ந்துக்கிட்டு எனக்காகப் பொய் சொன்னார் பாருங்க, அந்த மனுஷன் தெய்வம். நீடூழி வாழணும்!"

"வாழணும்!" என்று ஊரே குடித்தது.

அப்போது மேல் தெருவில் மாடி அறை வாடகைக்கு விடும் மார்க்கெல்லா மூச்சு வாங்க இறங்கி வந்தாள். நேராக லினார்தோஸிடம் போனாள்.

"அண்ணே, நாளைக்கும் ஊர்வலம் உண்டா? எங்க மாடியில தங்கியிருக்காரே ஏதென்ஸ்காரர், வெர்கிஸ்னு, அவர் கேட்டுட்டு வரச் சொன்னார். நாளைக்கு முதலாளியம்மா அவரோட தனியாப் பேசப் போறாங்களாம். அவர் ஜன்னலுக்குக் கீழே மட்டும் ரெண்டு நிமிஷம் கூடுதலா நின்னு கத்த முடியுமாங்கறார்."