கறிவேப்பிலைத் தொட்டிச் சிலந்தி குறித்து ஒரு முறையீடு

ஈசூன், சிங்கப்பூர்
வெள்ளிக்கிழமை

'சுண்டெலி' சிறுவர் இதழின் ஆசிரியர் பாக்கியலட்சுமி அம்மையார் அவர்களுக்கு,

தேக்காவில் பயணப்பெட்டிக் கடை வைத்திருக்கும் அப்துல் கஃபார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் நானும் என் மனைவி ரஷீதாவும் நலம். மகள் மர்யமும் நலம்தான், ஆனால் என்னோடு பேசுவதில்லை. அதற்குத் தாங்களே முழுப் பொறுப்பு என்பதைப் பணிவோடு தெரிவிக்கவே இக்கடிதம்.

சென்ற இதழில் சிலந்தியைப் பற்றி ஏழு தகவல்கள் போட்டிருந்தீர்கள். அது பூச்சியே அல்ல, பூச்சிக்கு ஆறு கால்தான். கண் எட்டு இருந்தாலும் வலை கட்டுகிறவற்றுக்குப் பார்வை மந்தம். அதன் நூல், எடைக்கு எடை பார்த்தால் எஃகுக்கே ஈடு கொடுக்கும். எல்லாம் சரி. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வாசலில் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் இரும்புக் கதவுக்கும் நடுவே குடியிருந்த மஞ்சள் பட்டைச் சிலந்திக்குச் சுல்தானா என்று பெயர் வந்துவிட்டது. வலையின் நடுவில் கணக்கு வாத்தியார் பெருக்கல் குறி போட்ட மாதிரி வெள்ளையாக நெய்து வைத்திருக்கும். ஏன் அப்படி நெய்கிறது என்று விஞ்ஞானிகளே இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம், அதுவும் உங்கள் தகவல்தான். பக்கத்து வீட்டு விசாலாட்சி ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்டு வந்தால், "ஆன்ட்டி, தொடாதீங்க லா, வெப் ஆடுது, அவ பயந்துடுவா" என்று மர்யம் காவல் நிற்கிறாள். எங்கள் வீட்டு ரசம் கறிவேப்பிலையைப் பார்த்து வெகுநாள் ஆகிறது.

ஒட்டடைக் கம்பு இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நபிகள் நாயகம் பகைவர் கண்ணில் படாமல் தங்கியிருந்த குகை வாசலில் சிலந்தி வலை பின்னிக் காத்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நோன்புப் பெருநாளுக்கு வீடு முழுக்கப் புதுத் திரைச்சீலை மாற்றிய ரஷீதாகூட அந்த வாசல் பக்கம் மட்டும் துடைப்பத்தை நீட்டவில்லை. பெருநாளன்று வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வலைக்குக் கீழே குனிந்துதான் பிரியாணிக்கு உள்ளே வந்தார்கள். என் மச்சான் அப்துல் காதர் எவர் முன்னாலும் தலை குனியாத மனிதர், அவரும் குனிந்தார், இடுப்பும் பிடித்துக்கொண்டது.

இனிதான் துயரம். கறிவேப்பிலையில் வெள்ளைப்பூச்சி விழுந்திருந்ததால் சோப்புத் தண்ணீர் அடித்தேன். வலைப் பக்கம் ஒரு சொட்டுப் படவில்லை, சத்தியம். மறுநாள் காலையில் பார்த்தால் வலையில் சுல்தானா எட்டுக் காலும் சுருங்கி, காய்ந்து, சக்கையாகத் தொங்குகிறாள். மர்யம் அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். "நீங்கதான் வாப்பா" என்று ஒரே வார்த்தை சொன்னாள், அதோடு பேச்சு நின்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை, அம்மையார் அவர்களே. பெற்ற பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் எப்படி இருக்கும்?

புத்தி கெட்டுப்போய் ஒரு காரியம் செய்தேன். ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போய், எங்கள் அடுக்குமாடி புளோக் பின்னால் இருக்கும் செடிகளுக்குள் மண்டி போட்டுத் தவழ்ந்து, அதே மாதிரி மஞ்சள் பட்டை போட்ட ஒன்றைப் பிடித்துவிட்டேன். வெற்றியோடு நிமிர்ந்தால் நாலாவது மாடியிலிருந்து மர்யம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இறங்கி வந்தாள், டப்பாவை வாங்கினாள், பிடித்த செடியிலேயே திரும்ப விட்டாள், ஏறிப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த நாள் விசாலாட்சி போட்ட கூச்சலில் ஓடிப்போய்ப் பார்த்தால், அவர்கள் செருப்பு அலமாரிக்குப் பின்னால் சுல்தானா! முன்னைவிடப் பெரியவளாக, பளபளவென்று. நூலகத்துக்குப் போய்த் தேடிப் படித்தேன். சிலந்தி வளர்ந்தாலும் தோல் வளராதாம், அதனால் கையுறையைக் கழற்றுவது போல ஒவ்வொரு காலாக உருவி, முழுத் தோலையும் விட்டுவிட்டு வெளியே வந்துவிடுமாம். தொங்கியது பழைய சட்டைதான்! சந்தோஷத்தில் மர்யமிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், சிலந்தியைப் பார்த்தாள். "உம்மா, வாப்பா இன்னொன்னு பிடிச்சிட்டு வந்துட்டாங்க" என்று ரஷீதாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வழக்கமாக அவள் தூங்கிய பிறகு வீடு சேர்கிறவன் நான். இப்போது கடையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டுப் பொழுது சாயும் முன்னே வந்து, வாசலில் சிலந்தியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மர்யம் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, காற்றைப் பார்த்துத் தகவல் சொல்கிறேன். பழைய வலையைத் தின்றுவிட்டுப் புதிதாக நெய்யும் சிலந்தி உண்டாம் என்றேன். அதற்கு மெல்லத் தெரியாதாம், இரையைக் கரைத்துக் குடிக்குமாம் என்றேன். கேட்கிறாள், வாய் திறப்பதில்லை. என் சொல் எடுபடாது, 'சுண்டெலி'யில் வந்தால் அவளுக்கு அதுதான் சத்தியம். எட்டுக் கால் உள்ள பூச்சிக்கு ஏழு தகவலோடு நிறுத்தியது தங்கள் பிழை. ஆகவே தோல் உரிக்கும் எட்டாவது தகவலை அடுத்த இதழிலேயே, முடிந்தால் படத்தோடு, கட்டாயம் வெளியிட வேண்டுகிறேன்.

தங்களுக்கும் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இறைவன் நீண்ட ஆயுளும் நல்ல பேச்சுத் துணையும் தருவானாக.

இப்படிக்கு,
வருத்தத்துடன்,
அப்துல் கஃபார்

பி.கு.: எட்டாவது தகவலை வெளியிட வேண்டாம். உறையில் போடப் போகையில் மர்யம் என் தோளுக்குப் பின்னாலிருந்து முழுவதையும் படித்துவிட்டாள். "பூச்சி இல்ல வாப்பா, எத்தன தடவ சொல்றது" என்றாள். உறையைக் கீழே போட்டுவிட்டேன். தோல் உரிக்கும் விஷயம் அவளுக்குத் திங்கட்கிழமையே தெரியுமாம், வர்ஷா டீச்சர் வகுப்பில் வீடியோ போட்டுக் காட்டினாராம். "அப்புறம் ஏம்மா எங்கிட்ட பேசல?" என்று கேட்டேன். "பேசினா நீங்க மறுபடி லேட்டாத்தானே வருவீங்க" என்றாள். ஆகையால் அம்மையார் அவர்களே, மேலே எழுதிய குற்றச்சாட்டு எதையும் மனதில் வைக்காமல், சிலந்தியைப் பற்றி இன்னும் என்னென்ன உண்டோ அத்தனையையும் என் கடை முகவரிக்கு அனுப்பிவையுங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நேற்றோடு தீர்ந்துவிட்டது, அவளோ எனக்கு முன்னால் போய் முக்காலியைப் போட்டுவிட்டாள்.