இருபத்து மூன்று வாட் ஓவன்

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு மதியம்.

கர்த்தருக்குள் மிகவும் மரியாதைக்குரிய அன்பு மச்சான் அவர்களுக்கு மோசஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை கிரேஸும் மகள் ஏஞ்சலும் ஆண்டவர் கிருபையில் சுகம். வேப்பம்பட்டில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் கிரேஸுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்த ஓவன் மூன்றாம் நாளே வெடித்துவிட்டதாக யாரோ உங்கள் காதில் போட்டதாகவும், நீங்கள் கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்புவதாகவும் கேள்விப்பட்டேன். தயவுசெய்து போகவேண்டாம். ஓவன் நன்றாக இருக்கிறது. வெடித்தது நான் போட்ட கணக்கு. அதோடு என் போனும் போய்விட்டதால்தான் இந்தக் கடிதம்.

பக்கத்து வீட்டு நர்மதாவை உங்களுக்குத் தெரியும். அவள் மகள் பூமிகாவுக்கு நேற்று முதல் பிறந்தநாள். காலையில் பெரியபாளையத்தில் மொட்டை, மாலை ஆறு மணிக்கு வீட்டில் கேக். முட்டை போடாத இரண்டு கிலோ கேக்கை கிரேஸிடம் சொல்லியிருந்தாள். கிரேஸுக்கு இதுதான் முதல் ஆர்டர், மச்சான். நர்மதா வேலை செய்யும் கம்பெனியில் அவள் லைனில் மட்டும் நாற்பது பெண்கள். கேக் நன்றாக வந்தால் நாற்பது வீட்டுப் பிறந்தநாளும் நமக்கு என்று இரண்டு நாளாக அவளுக்குத் தூக்கமில்லை. ஏஞ்சல் தேர்வாய் கண்டிகைக்கு ஷிப்ட் போகும்போதே, “நைனா, ஓவன்ல கை வெக்காத. மூணேகாலுக்கு வந்து நானே போட்டுத் தரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிற பெண், சொன்னால் கேட்டிருக்கவேண்டும். ஆனால் நான் பத்தாவதில் அறிவியலில் எழுபத்தொன்று எடுத்தவன் என்பது உங்களுக்குத் தெரியுமே.

இரண்டரை மணிக்கு மாவு ரெடி. கிரேஸ் பொறுக்கமாட்டாமல் நிற்கிறாள். ஓவன் முதுகைப் பார்த்தேன். 230 வோல்ட், 10 ஆம்பியர் என்று இருந்தது, வாட் இருக்கவேண்டிய இடத்தில் கடைக்காரர் விலைச் சீட்டை ஒட்டியிருந்தார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த சூத்திர முக்கோணம் ஞாபகம் வந்தது. மேலே வோல்ட், கீழே கரண்ட். வகுத்தேன். இருபத்து மூன்று! மீதிகூட இல்லாமல் சுத்தமாக வந்ததால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். “கிரேஸு, இருபத்து மூணு வாட்டுதான். ஹால் டியூப்லைட்டே நாப்பது” என்றேன். ஓவனின் பிளக் தடி தடியான மூன்று காலோடு எந்த ஓட்டையிலும் நுழையமாட்டேன் என்றது. எதிர்வீட்டு லோகு ஒரு கன்வெர்ட்டர் பின் கொண்டுவந்து கொடுத்து, “கணக்குன்னா நீதாண்ணா” என்று என்னை ஏற்றிவிட்டான். ஃபிரிட்ஜும் கிரைண்டரும் என் போனும் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓவனையும் செருகினேன். கேக் உப்ப ஆரம்பித்தது. கிரேஸ் பாட்டு முணுமுணுத்தாள். பதினெட்டாவது நிமிஷம் ஒரு நாற்றம், ஒரு ‘டப்’. பாக்ஸ் அப்பளம்போல் நெளிந்துவிட்டது, வீடு முழுக்கக் கரண்ட் இல்லை, உப்பிய கேக் நடுவில் மெதுவாக உள்ளே போகிறது. கிரேஸ் என்னைத் திட்டவில்லை, மச்சான். ஸ்டூலில் உட்கார்ந்து கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஏஞ்சல் யூனிபார்மோடு உள்ளே வந்து மோப்பம் பிடித்தாள். நான் கணக்குத் தாளை நீட்டினேன்.

“இருபத்து மூணு வாட்டா? ஐயோ நைனா, அது ஓமு! வகுத்தா ரெசிஸ்டன்ஸு. உள்ள இருக்கற காயில் எவ்ளோ தடுக்குதுன்னு அர்த்தம். பவர் வோணும்னா பெருக்கணும்.”

பெருக்கினேன். இரண்டாயிரத்து முந்நூறு.

“ஆறு ஆம்பியர் வயர்ல பத்தை இழுத்துக்கினு கீற. அது உருகாம இன்னா பண்ணும்?”

வீட்டில் பதினாறு ஆம்பியர் பாயின்ட் ஒன்றே ஒன்று. ஹீட்டருக்காகப் போட்டது. அது இருப்பது, எப்படி எழுதுவேன், பாத்ரூமில். வேறு வழியில்லை. தரையையும் சுவரையும் துணியால் ஒற்றி, ஈரமில்லை என்று ஏஞ்சல் கையால் தடவிப் பார்த்தபிறகு, இரண்டு ஸ்டூல் போட்டு ஓவனை உள்ளே ஏற்றி, மெயின் போர்டில் விழுந்திருந்த ட்ரிப்பரைத் தூக்கிவிட்டோம். கேக் மறுபடி வேக ஆரம்பிக்கவும் நர்மதா வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கிரேஸ் பாத்ரூம் கதவை முதுகால் சாத்திக்கொண்டு நின்றாள்.

“இன்னாக்கா, வாசனை தூக்குது! கேக்கு எங்க?”

நான்தான் முந்திக்கொண்டு, “குளிக்குது” என்றேன்.

ஏஞ்சல் சட்டென்று, “அம்மா குளிக்கப் போவுதுன்னு சொல்றாரு. ஆறு மணிக்கு டான்னு வந்துடும், நீ போக்கா” என்று அனுப்பிவைத்தாள்.

வெளியே எடுத்தபோது நடுவில் கிண்ணம்போல் ஒரு பள்ளம். கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதில் கிரீமைக் கொட்டி மாதுளை முத்துக்களை மேலே வரை நிரப்பினாள். நர்மதா வீட்டில் கத்தி வைத்ததும் மாதுளை சரிந்து விழ, வந்த பெண்கள் எல்லாரும் ஒரே கூச்சல். இது என்ன மாடல், எங்களுக்கும் வேண்டும் என்று அங்கேயே மூன்று ஆர்டர். கிரேஸ் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், மச்சான். அந்தச் சிரிப்புக்கு இன்னும் இரண்டு போன்கூடப் போகட்டும்.

ஆகவே ஓவன்மேல் குற்றமில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். கேக் வெந்த இடம் நம் நாலு பேருக்குள் இருக்கட்டும். நர்மதா காதுக்குப் போனால் கிரேஸ் தெருவில் தலைகாட்ட முடியாது.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் ஆண்டவர் நிழலில் நன்றாக வளரட்டும்.

தங்கள் தங்கை புருஷன்,
மோசஸ்

பி.கு.: இன்று தபால் ஆபீஸ் லீவு. அதனால் இதுவரை எழுதியதை ஏஞ்சல் போனில் படம் எடுத்து நானே உங்களுக்கு அனுப்பினேன். உங்களுக்கு வந்திருக்காது. எங்கள் தெரு குரூப்புக்குப் போய்விட்டது. நர்மதா படித்துவிட்டு இப்போதுதான் வந்து போனாள். அடுத்த வாரக் கேக்கையும் பாத்ரூமிலேயே வேகவைக்கவேண்டுமாம், டேஸ்ட் மாறக்கூடாதாம்.