ஏழாம் எண்ணின் ரத்தம்

"ஏழாம் எண்ணுக்குச் சர்க்கரையே இல்லையா? என்னம்மா உளர்றே?" பேராசிரியர் கத்தினார்.

ஆராய்ச்சி மாணவி முடிவுத்தாளை அவர் முன் நீட்டினாள். ஏழாம் எண்ணை நம்பித்தான் அவள் ஆய்வே இருந்தது. முப்பது வருஷச் சர்க்கரை நோய். ஆனால் கண் மருத்துவமனை அனுப்பிய விழித்திரைப் படத்தில் ரத்தக் குழாய்கள் ஒரு கசிவில்லாமல், அன்று பிறந்த குழந்தைக்குப் போல! அந்தப் படத்தை அவள் பார்த்துப் பார்த்து மாய்ந்திருக்கிறாள். சர்க்கரை உடையும்போது உண்டாகும் நஞ்சை ஒரு நொதி உடனுக்குடன் குப்பை மாதிரி கூட்டித் தள்ளிவிடுகிறது. சம்பளம் கேட்காது, லீவு போடாது. சிலர் உடம்பில் மட்டும் அதற்கு எங்கிருந்து இந்தச் சுறுசுறுப்பு? ரத்தம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அவள் பட்டம் அம்போ.

ஆய்வுக்கு வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது. ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கக்கூடாது, எண் மட்டும்தான். பேராசிரியர் போட்ட சட்டம். "ஏழாம் எண்!" என்று காலையில் அவள் கூப்பிட்டதும் ஒரு பெரியவர் கையில் எண் சீட்டோடு எழுந்து வந்து சட்டைக் கையை மடித்தார். கூடவே வந்த மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

குழாய் மாறியிருக்கும் என்று மறுபடி குத்தினாள். அதே முடிவு. குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துக் காத்திருந்து குத்தினாள். அப்போதும் சர்க்கரை வரம்பைத் தாண்டவில்லை. இயந்திரம்தான் கோளாறு என்று பக்கத்து ஆய்வகத்துக்கு இழுத்துப்போய் அங்கேயும் குத்தினாள்.

"நான் என்ன ரத்த வங்கியாம்மா?" என்றார் பெரியவர்.

"படிக்கிற பொண்ணு, பொறுத்துக்குங்க" என்றார் மனைவி, ரொம்பத் திருப்தியாக.

திடீரென்று பேராசிரியர் முகம் மலர்ந்தது. "அட! நொதி நோயையே துரத்திடுச்சு! கண்டுபிடிச்சிட்டேன்!" இயக்குநருக்குப் போன் பறந்தது. இயக்குநர் ஓடிவந்து பெரியவரைக் கட்டிக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள்.

"சார், அவசரப்படாதீங்க. அந்த நொதி கண்ணைத்தான் காப்பாத்தும். நோயை விரட்டாது" என்றாள் மாணவி பேராசிரியரிடம்.

"உங்க வீட்டுலயே முதல் டிகிரி நீதானே? பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே."

"முதல் ஆளா வந்ததாலதான் சார், எதையும் ரெண்டு தடவை பார்க்கிறேன்."

சுள்ளென்று சொல்லிவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்பினாள். சட்டமாவது மண்ணாவது. "ஐயா, சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"மாத்திரையா? எனக்கா?" அவர் மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மா பையை மெதுவாகக் கீழே வைத்தார். "சர்க்கரை எனக்குத்தாம்மா. முப்பது வருஷமா நான்தான் குத்து வாங்குறேன், இன்னைக்கு ஒரு நாளாவது இவர் வாங்கட்டுமேன்னு விட்டுட்டேன்."