ஒரு கிலோமீட்டர் மாப்பிள்ளை

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க முகலாயப் படைக்கு ஏழெட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. என் மனைவி மஞ்சுவும் ஏழு ஆண்டுகளாக என்னை முற்றுகையிட்டிருந்தாள். அவளுடைய கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: செஞ்சியிலேயே சிறுகடம்பூரில் தனியாக வாழும், அவள் நைனா என்று அழைக்கும் தந்தையோடு நாங்கள் போய்க் குடியிருக்க வேண்டும். நான் மசியவில்லை. வீட்டோடு மாப்பிள்ளை என்ற பட்டத்தை ஏற்பதைவிட கோட்டை மலையான ராஜகிரியின் உச்சியிலிருந்து உருண்டுவிடலாம் என்று அறிவித்திருந்தேன்.

முகலாயர்கள் போரிட்டுக் கோட்டையைப் பிடித்தார்கள். மஞ்சு ஒரு கல்லைக்கூட எறியவில்லை. கதவை நானே திறந்தேன். பீரோவையும் நானே தூக்கிக்கொண்டு போனேன். அது எப்படி நடந்தது என்பதைத் திருமணமான ஆண்களின் நலன் கருதி வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

எங்கள் மகள் ரஞ்சனியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய ஆண்டு அது. அவளை எங்கே சேர்ப்பது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஊருக்கு வெளியே ஆங்கில வழித் தனியார் பள்ளி ஒன்று இருக்கிறது. அதன் பெயரை யாரும் சொல்வதில்லை; மஞ்சள் பஸ் பள்ளிக்கூடம் என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே பிள்ளைகள் கழுத்துப்பட்டை அணிகிறார்கள். தும்மினால்கூட ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கிறார்கள்.

என் ஆசைக்கு ஒரு காரணம் உண்டு. இருபத்திரண்டு வயதில் சென்னையில் ஒரு நேர்காணலுக்குப் போனேன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வீட்டு முகவரியைச் சொன்னேன். பின்கோடு உட்பட. அந்த அறையில் எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று திரும்பி வந்தவன்தான். செஞ்சி நெல் மண்டியில் எடை போட்டுக்கொண்டிருக்கிறேன். என் மகள் பின்கோடுக்கு அப்பாலும் பேச வேண்டும்.

வழியையும் அரசாங்கமே காட்டியது. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் கால்பங்கு இடத்தை எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஒதுக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் கட்டணத்தை அரசு செலுத்தும். விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல். இதைச் சாப்பாட்டு வேளையில் மஞ்சுவிடம் பெருமையோடு எடுத்துரைத்தேன். மஞ்சு கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவள். அவளிடம் எதையும் பெருமையோடு எடுத்துரைக்கக் கூடாது என்பதைச் சாப்பாட்டு வேளைகளில் மறந்துவிடுகிறேன்.

"கவர்மென்ட்டே நமக்காக அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பீஸ் கட்டுது மஞ்சு!"

"கவர்மென்ட்டு காசு யாரு காசு?"

"நம்ம காசு."

"நம்ம காச எடுத்து அவங்களுக்குக் குடுத்துட்டு, நம்ம பள்ளிக்கூடத்துக் கூரைக்குக் காசு இல்லன்னு சொல்லுவாங்க. அதுக்கு நீங்க கை தட்டுறீங்க."

"இது அப்பன்காரனோட உரிமைடி. புள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம்னு நானே தேர்ந்தெடுக்கலாம்."

"குலுக்கல்தான? அப்ப தேர்ந்தெடுக்கறது நீங்களா, சீட்டா?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"பணக்காரன் மட்டும் இஷ்டப்பட்ட எடத்துல படிக்க வெப்பான். நம்ம புள்ள படிக்கக் கூடாதா?" என்றேன். இது நல்ல கேள்வி.

"கேள்வி நாயந்தான். ஆனா ஒண்ணு சொல்லுங்க. டெய்லி சாயங்காலம் எங்கிட்ட டியூஷனுக்கு எட்டுப் புள்ளைங்க வருதே, எந்தப் பள்ளிக்கூடம்?"

மஞ்சள் பஸ் பள்ளிக்கூடம். எட்டுப் பேரும்.

"கழுத்துல டை தொங்குது. ஏழும் எட்டும் எத்தினின்னா முழிக்குது. அங்க சேத்துட்டு மறுபடியும் எங்கிட்டயே அனுப்புவீங்களா? எங்க நைனா வூட்டுத் தெருவுல இருக்கற கவர்மென்ட் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் மீடியமே இருக்குது. டீச்சருங்க ரெண்டு பேரும் நல்லா சொல்லித் தராங்க."

விவாதம் அத்தோடு முடிந்தது. நான் தோற்கவில்லை, மோர் ஊற்றச் சொன்னேன்.

வாதத்தில் வெல்ல முடியாத கணவனுக்கு ரகசியம் ஒன்றே ஆயுதம். அவளுக்குத் தெரியாமல் விண்ணப்பித்துவிட முடிவு செய்தேன். ஆனால் விதி ஒன்று குறுக்கே நின்றது. வீடு, பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். திண்டிவனம் சாலையில் இருந்த எங்கள் வாடகை வீட்டிலிருந்து வண்டியில் அளந்தேன்: ஒரு கிலோமீட்டர் நானூறு மீட்டர். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து அளந்தேன். அதே. மண்டியில் கால் கிலோ நெல்லுக்கு மூட்டையையே பிரிப்பவன் நான். நானூறு மீட்டரை எந்த மூட்டையில் மறைப்பேன்? செஞ்சி முழுவதும் அளந்தேன். ஒரு கிலோமீட்டருக்குள் எனக்குக் கதவு திறக்கக்கூடிய வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

எண்ணூற்று அறுபது மீட்டர். மாமனார் வீடு.

என் மாமனார் ராஜாங்கம் அரசுப் பேருந்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் நடத்துநராக இருந்தவர். பணி ஓய்வு பெற்றார். விசில் ஓய்வு பெறவில்லை. அது இன்னும் அவர் கழுத்தில் தொங்குகிறது. ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் புறப்பட வேண்டும். பேரப்பிள்ளைக்கு இது விளையாட்டு. மருமகனுக்கு இது ஆட்சி.

மூன்று நாள் யோசித்தேன். மகளின் ஆங்கிலமா, என் மானமா? மகள் வென்றாள். ஒரு மாலை, முகத்தில் கருணையை வரவழைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன்.

"மஞ்சு, ஒங்க நைனாவ நெனச்சா மனசு கேக்கல. முட்டி வலியோட தனியாக் கஷ்டப்படறாரு. நாம அங்கயே போயிடலாமா?"

முட்டி வலி என் கற்பனை. அவளிடமிருந்து பெரும் வியப்பை எதிர்பார்த்தேன். அவள் ரசத்துக்குப் பெருங்காயம் போட்டாள்.

"ஆமாங்க. ரொம்ப வலிக்குதாம்" என்றாள்.

இல்லாத வலியை அவள் எதற்காக உறுதிப்படுத்துகிறாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். வெற்றி பெறுகிறவன் எதையும் கேட்பதில்லை.

மறுநாள் பேருந்து நிலையத்துக்கு எதிரே பீமாராவ் நடத்தும் இ-சேவை மையத்துக்கு ஓடினேன். ரேஷன் அட்டையில் முகவரி மாற்ற வேண்டும்; அதைக் காட்டித்தான் விண்ணப்பம்.

"அண்ணே, ஓடிபி வரும். அண்ணி நம்பருக்கு."

"எதுக்கு அவ நம்பரு?"

"குடும்பத் தலைவின்னு அண்ணிதான இருக்காங்க? போன வருஷம் கார்டு மாத்த அவங்கதான் வந்தாங்க. நீங்க வெயிலு ஜாஸ்தின்னு வரலையாம்."

வேறு வழியின்றிப் போன் செய்தேன்.

"மஞ்சு, ஒரு நம்பரு வரும். சொல்லு."

"முகவரி மாத்தறதுக்குன்னு போட்டிருக்குதே?"

"ஆங்... ரேஷன அங்கயே வாங்கிக்கலாமேன்னு..."

"நல்ல யோசனைங்க. நாலு... ஏழு... ரெண்டு..."

ஆறு எண்களையும் தாலாட்டுப் போல் சொன்னாள். ஏழு ஆண்டுத் தாம்பத்தியத்தில் அத்தனை கனிவை நான் கேட்டதில்லை. கூச்சத்தில் நெளிந்தேன்.

ஏப்ரலில் குடிபெயர்ந்தோம். விண்ணப்பத்தில் என் செல்பேசி எண்ணைக் கொடுத்து, மஞ்சுவுக்குத் துளியும் தெரியாமல் அனுப்பினேன். இதற்கிடையில் முட்டி வலிச் செய்தி மண்டியெங்கும் பரவியது. மண்டி உரிமையாளர் அரிகிருஷ்ணன் எடைத் தராசின் முன்னாலேயே எனக்குத் துண்டு போர்த்தினார்.

"இந்தக் காலத்துல மாமனாருக்காக வூட்டயே காலி பண்ணிட்டு வந்திருக்கான் பாருங்கய்யா! இவனாண்ட கத்துக்கணும்!"

கூலியாட்கள் கை தட்டினார்கள். ஒருவருக்குக் கண் கலங்கியது. நாங்கள் விட்டுவந்த வீட்டில் அந்த வாரமே வேறொரு குடும்பம் பால் காய்ச்சியது.

புதுவீட்டு வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் நாள் காலையிலேயே மாமனார் ராஜகிரிப் படிகளில் ஏறி இறங்கிவிட்டு வியர்வையோடு வந்து நின்றார்.

"மாமா... முட்டி வலிக்கலையா?"

"எந்த முட்டி மாப்ள?"

மஞ்சு உள்ளே எதற்கோ இருமினாள்.

குளியலறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் வெளியிலிருந்து இரண்டு விசில். சாப்பிட உட்கார்ந்தால், "உள்ள போங்க மாப்ள, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்குது பாருங்க!" வீட்டில் இருப்பது மொத்தம் நான்கு பேர். அத்தனையையும் தாங்கினேன். ஒவ்வொரு விசிலுக்கும் மகள் பேசப்போகும் ஓர் ஆங்கில வாக்கியத்தை மனத்துக்குள் எழுதிக்கொண்டேன்.

தெருமுனையில் அந்த அரசுப் பள்ளி இருந்தது. மண்டிக்குப் போகும்போதும் வரும்போதும் அதைக் கடக்க வேண்டும். பார்த்தால் மனம் தளரும் என்பதால் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஏறத்தாழ இரண்டு மாதம் கடந்தேன். கழுத்துச் சுளுக்குகூட வந்தது.

மே மாதக் கடைசியில் குலுக்கல் நாள் வந்தது. மண்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு மஞ்சள் பஸ் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மண்டிக்கு எதற்கு வெள்ளைச் சட்டை என்று யாரும் கேட்கவில்லை. வாசலில் இரண்டு பட்டியல்கள் ஒட்டியிருந்தார்கள். தகுதி பெற்ற பட்டியலை மூன்று முறை படித்தேன். ரஞ்சனி இல்லை. இரண்டாவது பட்டியலில் இருந்தாள். பெயர் ரஞ்சனி, தந்தை பெயர் இளையபெருமாள் (நான்தான்), நிராகரிக்கப்பட்டது. காரணம்: குழந்தை ஏற்கெனவே வேறு பள்ளியில் சேர்க்கப்பட்டுள்ளது.

எந்தப் பள்ளி? எந்த ரஞ்சனி? அரசாங்கத்தின் அறியாமையைத் திட்டிக்கொண்டே திரும்பினேன். சிறுகடம்பூர்த் தெருமுனையில் திட்டுவதற்காகவே முதன்முறையாக அந்த அரசுப் பள்ளியின் பக்கம் முகத்தைத் திருப்பினேன்.

வாயிற்கதவில் பெரிய பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். வெயிலில் ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. கட்டி வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். 'எங்கள் பள்ளியில் சேர்ந்த புதிய நட்சத்திரங்கள்' என்று எழுதியிருந்தது. முதல் நட்சத்திரம் தலையில் காகிதக் கிரீடத்தோடு முன்பல் இரண்டு இல்லாமல் சிரித்தது. என் மகள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். அந்தச் சேலையை நான்தான் பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுப் படியேறியபோது எனக்கு மூச்சு வாங்கியது. கூடத்தில் விடுமுறையிலும் டியூஷன் நடந்துகொண்டிருந்தது. எட்டுக் கழுத்துப்பட்டைகள் ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தன.

"மஞ்சு! ரஞ்சனிய எப்ப சேத்த?"

"மார்ச்சுல."

"மார்ச்சுல எப்ப?"

"ஓடிபி வந்துச்சே, அன்னிக்கு மத்தியானம். முகவரிதான் கெடச்சுடுச்சேன்னு போயி சேத்துட்டு வந்துட்டேன். போட்டோ நல்லா வந்திருக்குதா?"

"நான் அங்க அப்ளிகேஷன் போட்டது ஒனக்குத் தெரியுமா?"

"வூட்டுல இருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கயித்தப் புடிச்சிகினு அளந்துகினே போனீங்க. ஊருக்கே தெரியும்."

"அப்ப மார்ச்சுலயே சொல்லியிருக்கலாம் இல்ல? நான் இன்னாத்துக்கு ரெண்டு மாசமா இங்க விசிலுக்கு நடுவுல குந்திகினு இருக்கறேன்?"

மஞ்சு சாக்குக்கட்டியைக் கீழே வைத்தாள். ஏழு ஆண்டு முற்றுகையின் முடிவில் கோட்டை உச்சியில் நின்று பார்க்கும் தளபதியின் நிதானத்தோடு என்னைப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா எங்க நைனா வூட்டுக்கு வந்திருப்பீங்களா?"

எட்டுக் கழுத்துப்பட்டைகளும் என்னைத் திரும்பிப் பார்த்தன. நான் வாயைத் திறந்தேன். நேர்காணலில் வந்த அதே நிலை. இம்முறை சொல்வதற்கு முகவரிகூட என்னுடையதாக இல்லை.

"இங்கிலீஷப் பத்திக் கவலப்படாதீங்க. நான் சொல்லித் தரேன். நாளையில இருந்து நீங்களும் வந்து குந்துங்க" என்றாள் அவள்.

நான் அப்படியே வெளியே திரும்பினேன். ஒரு கால் கீழ்ப்படியில். ஒரு கால் மேற்படியில். பின்னாலிருந்து ஒரே ஒரு விசில் கேட்டது.

"மாப்ள, படியில நிக்காதீங்க, உள்ள வாங்க. நீங்க எறங்கற ஸ்டாப்பிங் இந்த ரூட்டுல இல்ல."