ஸ்டெல்லா அக்கா எழுதிய பரீட்சை

தூங்கிக்கொண்டே நூற்றுக்குத் தொண்ணூற்றாறு மார்க் வாங்கியவன் தங்கவயலிலேயே நான் ஒருவன்தான். (சொல்லும்போது இப்போதும் காது சூடாகிறது.)

பெங்களூரில் மென்பொருள் வேலை. இரண்டு வருடம் கண்ணை மூடித் திறந்தால், கற்றதெல்லாம் பழசாகிவிடும் தொழில். அந்த முறை ஏஐ பற்றிய ஆன்லைன் கோர்ஸ் வந்தது. மாதக் கடைசிக்குள் பாஸ் ஆகாதவருக்குப் புது ப்ராஜெக்டில் இடமில்லை என்றார் மேனேஜர். இடமில்லை என்றால் சீக்கிரமே வேலையும் இல்லை. நாற்பத்து நான்கு வயதில் மறுபடி மாணவனானேன்.

படிக்க நேரம் பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில்தான். எங்கள் ஊரிகம் ஸ்டேஷனில் ஏறி ஃபோனில் பாடத்தைச் சத்தமாக ஓடவிடுவேன். பங்காருபேட்டை வருவதற்குள் குறட்டை. பக்கத்து சீட் ஸ்டெல்லா அக்காவுக்கு ஒரு பல் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை. எங்கள் பெட்டியில் தூங்குகிறவரின் பை, டிபன், ஃபோன் எல்லாமே விழித்திருப்பவர் பொறுப்பு.

சர்டிஃபிகேட் வந்தது. வீடியோ ஓடி முடிந்தாலே பாஸ் போலிருக்கிறது என்று நினைத்து, மறுநாள் அக்காவிடம் பீற்றிக்கொண்டேன்.

"இன்னாப்பா, அது என் மார்க்கு! தெனம் கேட்டுக்கினே வர்றேன். கேள்வி வந்து நிக்கும், நீ எழுந்துக்க மாட்ட. நான்தான் பதில அமுக்குவேன்."

அன்று மதியமே மேனேஜர், "நீங்கதான் ஃபர்ஸ்ட் மார்க். டீமுக்கு கிளாஸ் எடுங்க" என்று இங்கிலீஷில் சொன்னார்.

காதில் இயர்போன் செருகி, கிளினிக்கில் இருந்த அக்காவுக்கு ஃபோன் போட்டு, அவர் சொல்லச் சொல்ல ஒப்பித்தேன். பத்து நிமிடம் நான் மேதை. பிறகு பதற்றத்தில் கை பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆனது.

"மிஷின் சொல்றத அப்டியே நம்பிடாதப்பா, சரிபாக்கணும்! எக்ஸ்ரே பாக்காம டாக்டர் பல்லப் புடுங்குவாரா? டோக்கன் பதினேழு, உள்ள போங்க!"

மேனேஜர் திரும்பி என்னைப் பார்த்தார். (அவருக்குத் தமிழ் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.) எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "ரெண்டு வாரம் டைம். ஆபீஸ்லயே, என் முன்னாடி எழுதுங்க" என்றார், தமிழிலேயே.

அந்த இரண்டு வாரமும் நான் கண்ணசந்தால் அக்கா விலாவில் குத்தினார். எழுபத்தொன்று வாங்கினேன். வேலை தப்பியது. அக்காவை நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது.

வீட்டில்தான் மரியாதை போய்விட்டது. நான் எதைப் படிக்க உட்கார்ந்தாலும் என் மகள், "டோக்கன் பதினேழு, உள்ள போங்க!" என்று குரல் கொடுப்பாள். எழுபத்தொன்று வாங்கிய சர்டிஃபிகேட் எங்கள் பீரோவுக்குள் கிடக்கிறது. தொண்ணூற்றாறு மட்டும், என் பெயரோடு, ஸ்டெல்லா அக்கா வீட்டில் ஏசுநாதர் படத்துக்குக் கீழே ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறது.