சொட்டுகூடச் சிந்தாத வால்வு

விடுமுறை நாள் காலையில் எந்தத் தெருவுக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும் ஏதாவது ஒரு காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பதறாதீர்கள், விபத்து ஒன்றும் இல்லை. அதுதான் வீட்டு மெக்கானிக் என்னும் இனம். மற்ற நாட்களில் அவர் வாத்தியாராக இருப்பார், மருந்துக்கடை வைத்திருப்பார், அல்லது என்னைப் போல இன்சூரன்ஸ் ஆபீசில் பைல் தள்ளிக்கொண்டிருப்பார். என்னைப் போல என்று வாய் தவறி வந்துவிட்டது. சரி, மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தக் கால்கள் என்னுடையவைதான்.

எங்களை அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வண்டி வந்து நின்றதும் "வாங்க" என்று சொல்லமாட்டோம். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்போம். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும், வாசலில் நிற்கிற வண்டிக்குக் கடைசியாக எப்போது ஆயில் மாற்றினார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே போவோம். ஒர்க் ஷாப்பில் விட்டிருப்பதாக யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "இதுக்குப் போய் ஒர்க் ஷாப்பா?" என்போம். அதைச் சொல்லும்போது எங்கள் முகத்தில் வரும் இரக்கத்தைப் பார்க்க வேண்டுமே!

நான் ஆயில் மாற்றிய பழைய லட்சணத்தையும் கேளுங்கள். இஞ்சினுக்கு அடியில் இருக்கும் போல்ட்டை ஸ்பேனர் போட்டுத் திருகி, அது அசையாமல் போக, ஸ்பேனரைக் காலால் உதைத்து, அது திடீரென்று கழன்றுகொள்ள, சுடச்சுட ஆயில் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்க, போல்ட் அடியில் வைத்திருந்த பேசினுக்குள் விழ, அதைத் துழாவப் போய் விரலைச் சுட்டுக்கொண்டு, அம்மா என்று எழுந்த வேகத்தில் நெற்றியை இடித்துக்கொண்டு, கடைசியில் தரையெல்லாம் கறுப்புக் குளமாக நடுவில் உட்கார்ந்து, "ரொம்ப ஈஸி" என்பேன்.

அப்போதுதான் அந்த வால்வு வந்து சேர்ந்தது. கட்டை விரல் அளவு பித்தளைச் சாமான். போல்ட் இருந்த இடத்தில் ஒரு தடவை முறுக்கிவிட்டால் தீர்ந்தது, அதற்கப்புறம் ஸ்பேனருக்கு வேலை இல்லை. அதன் சின்னக் கைப்பிடியை லேசாகத் தூக்கிக் கொஞ்சம் திருப்பினால் திறக்கும், திரும்பத் திருப்பினால் மூடும். வால்வின் மூக்கில் கண்ணாடி போன்ற குழாய் ஒன்றை மாட்டி, மறுமுனையைக் கேனுக்குள் விட்டால் கை சுடாது, தரை கெடாது. சொட்டுகூடச் சிந்தாது.

நல்ல சாமான்தான். அது நல்லவர் கையில் கிடைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் வால்வைக் காட்டினேன். முட்டி வலிக்கிறதென்று சொல்லிக்கொண்டே வந்த மாமனாரையும் குனியவைத்துக் காட்டினேன். அவரைத் திரும்ப நிமிர்த்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

இப்படி இருக்கும்போது மனைவிக்கு டிரைவிங் டெஸ்ட் வந்தது. அவள் நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் வேலை ஒன்று கிடைத்திருந்தது; லைசென்ஸ் இருந்தால்தான் சேர முடியும். ஏற்கெனவே ரிவர்ஸ் எடுப்பதில் கோட்டை விட்டிருந்தாள். இந்தத் தடவையும் போனால் அந்த வேலை வேறு யாருக்கோ என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குக் காலையிலேயே என்னிடம் வந்தாள்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் வண்டியைத் தொடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஆயில் பழசாயிடுச்சும்மா. டெஸ்ட்ல இஞ்சின் வழுக்கிக்கிட்டுப் போக வேண்டாமா?"

"டெஸ்ட் எனக்குங்க. இஞ்சினுக்கு இல்ல."

"ரெண்டே நிமிஷம். வால்வு இருக்கும்போது என்ன கவலை?" என்றேன். அவள் புடவை மாற்ற உள்ளே போனாள். நான் வால்வைத் திறந்தேன்.

அவளுக்குத் துணையாக அவள் தம்பி வந்திருந்தான். பல் டாக்டர். ஆள் கிடைத்தால் விடுவேனா? குழாய்க்குப் பக்கத்தில் அவனைக் குந்தவைத்துப் பாடம் நடத்தினேன். கறுப்பு ஆயில் வடிந்து நின்றது. கையில் அழுக்கே இல்லாவிட்டாலும் பழக்க தோஷத்தில் துடைத்துக்கொண்டு, மேலே மூடியைத் திறந்து புது ஆயிலை ஊற்ற ஆரம்பித்தேன்.

"அத்தான், பழைய ஆயில் இவ்வளவு பளபளன்னா இருக்கும்?"

"என் பராமரிப்பு அப்படி மாப்ளே! வேற யார் வண்டியிலயாவது பாத்திருக்கியா?"

"இல்ல அத்தான், நீங்க ஊத்தினா வருது. நிறுத்தினா நின்னு போகுது."

"அது அழுத்தம். அடியில இருக்கிற கசடையெல்லாம் தள்ளிக்கிட்டு வரும். பல்லு புடுங்கற உனக்கு இது எங்க புரியப்போகுது?"

நான் புது டப்பாவை முழுசாகக் கவிழ்த்துத் தட்டி முடித்து, அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். காய்ந்து கிடந்தது. துடைத்து மறுபடி விட்டு உருவினேன். அப்போதும் ஈரம் இல்லை. எனக்கு முதலில் யார் மேல் சந்தேகம் வந்தது தெரியுமா? கம்பி மேல். அதற்கப்புறம்தான் குனிந்து பார்த்தேன்.

வால்வு திறந்தே இருந்தது. போல்ட் காலத்தில் இந்தக் கூத்து நடந்ததில்லை. கழற்றிய போல்ட் கையிலேயே இருக்கும், அதை எங்கே தொலைப்போமோ என்ற பயத்திலேயே திரும்ப மாட்டிவிடுவோம். கையைச் சும்மா விட்டதும் புத்தியும் சும்மா இருந்துவிட்டது. புது ஆயில் முழுக்கக் கேனில் பழைய கசடோடு கலந்து கிடந்தது. ஆனால் ஒன்று, தரையில் ஒரு சொட்டு இல்லை!

மனைவி பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "கிளம்பலாமா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள். "என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல," என்றேன். "ஆயில் மட்டும்தான் இல்ல."

அவள் கத்தியிருந்தால் தேவலை. கண் கலங்கிவிட்டது. ஆயில் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் டெஸ்ட் முடிந்துவிடும். அவள் நேராக எதிர்வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டு அக்காவுக்குத் தன் வண்டியின் முன்மூடியை எப்படித் திறப்பது என்றே தெரியாது. எதற்கெடுத்தாலும் ஒர்க் ஷாப். நான் எத்தனையோ முறை பரிதாபப்பட்டிருக்கிறேன். அந்த மகராசி மறுபேச்சு இல்லாமல் சாவியைக் கொடுத்தாள். மனைவி ஓட்ட, தம்பி பக்கத்தில் உட்கார, வண்டி கிளம்பிப் போய்விட்டது.

என்னால் சும்மா இருக்க முடியுமா? கடைக்குப் போய் ஆயில் வாங்கி வந்து, வால்வை மூடி, மூடியதை இரண்டு தடவை தடவிப் பார்த்து, ஊற்றி முடித்து, அதன் பிறகு உட்கார்ந்து ஆழமாக யோசித்தேன். பிரமாதமான யோசனை வந்தது.

சாயங்காலம் அவர்கள் வந்து இறங்கியதும் வாசலுக்கு ஓடினேன். மனைவி என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

"இங்க பாரு! வால்வைத் திறந்த உடனே இந்தச் சிவப்பு நாடாவை ஆயில் மூடியில கட்டிடணும். நாடா இருக்கிற வரைக்கும் ஊத்தக் கூடாது. இனிமே தப்பு நடக்கவே நடக்காது. எப்படி?"

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "நல்லா இருக்குங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மச்சினன் நாடாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா பாஸ் பண்ணிட்டா அத்தான். வேலைக்கும் வரச் சொல்லிட்டாங்க. இறங்கின உடனே நீங்க கேப்பீங்க, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் அதே பேச்சு."

அடச்சே, இப்படியும் ஒரு மனுஷனா என்று உச்சுக்கொட்டுகிறீர்கள். கொட்டுங்கள், எனக்கு நன்றாக வேண்டும். ஆனால் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். மச்சினன் வாயைத் திறப்பதற்கு முன்னால், அவள் பாஸா பெயிலா என்று உங்களுக்கு அடித்துக்கொண்டதா? இல்லை, 'நாடா எதுக்கு, கைப்பிடியிலேயே ஒரு கிளிப் மாட்டினால் போதுமே' என்று யோசனை ஓடியதா? இரண்டாவது என்றால், இதை மூடி வைத்துவிட்டு உள்ளே போய், இன்றைக்கு என்ன நடந்தது என்று வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பதிலை முழுசாகக் கேளுங்கள். அந்தக் கிளிப் விஷயத்தை அப்புறம் எனக்குத் தனியாகச் சொன்னால் போதும்.