இழுக்க இழுக்கப் பெருகிய குளம்

வானத்திலிருந்து பார்த்தால் எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கும். இதைக் கண்டுபிடித்தவள் நான் இல்லை. ஆனால் இதை முழுசாக நம்பிப் போட்டிக்குப் போய், மூன்று நடுவர்கள் முன்னால் மானம் போய்க் கீழே இறங்கியவள் நான்தான். அதனால் இந்த உண்மையின்மேல் எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் தொலையுணர்வும் நில வரைபடமும் படித்துக்கொண்டிருந்தேன். (எங்கள் ஊர், திருப்பூர் வேலம்பாளையத்தில் யார் கேட்டாலும் 'கம்ப்யூட்டர்' என்று சொல்லிவிடுவேன். அதற்குமேல் விளக்கினால் 'அதுக்கு என்ன வேலைங்க கெடைக்கும்?' என்பார்கள். அது எனக்கே தெரியாது.) திரையில் செயற்கைக்கோள் படங்களைத் திறந்துவைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பார்த்துக் கிடப்பேன். நொய்யல் ஆறு, யாரோ சீப்பில் விட்டுப்போன ஒற்றை முடி மாதிரி கிடக்கும். கம்பெனிக் கூரைகள் இறைந்த அரிசி. அமராவதி தாராபுரத்தைத் தொட்டும் தொடாமலும், தூக்கத்தில் நீட்டிய கைபோல வளைந்து போகும். அந்தப் படங்களில் சத்தமே இல்லை. நிட்டிங் மெஷின் சத்தத்தில் பிறந்து, அதே சத்தத்தில் பல் முளைத்து வளர்ந்த எனக்கு அந்த மௌனம்தான் முதல் காதல். (இரண்டாவதைப் பற்றி இங்கே சொல்வதாக இல்லை.)

என் ஆய்வு, தாராபுரம் பக்கத்தில் ஒரு குளத்தைப் பற்றியது. பழைய படங்களையும் புதிய படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், அது வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே வருவது தெரியும். குளிரில் முழங்காலைக் கட்டிக்கொண்டு படுக்கும் பெண்ணைப்போல் அது கரையை விட்டு விட்டு உள்ளே ஒடுங்கிக்கொண்டிருந்தது. இந்த வாக்கியத்தை அப்படியே ஆய்வறிக்கையில் எழுதியிருந்தேன். என் பேராசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஓரத்தில் 'எத்தனை ஹெக்டேர்?' என்று எழுதினார்.

அந்த அறிக்கைதான் மாணவர் ஆய்வு விருதின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானது. விருது கிடைத்தால் சான்றிதழோடு இன்னொன்றும் கிடைக்கும். வடக்கே ஒரு மலை ஊரில், பெரிய ஆய்வு மையத்தில், இரண்டு வருடம் ஆய்வு செய்ய ஓர் இடம். நான் அதற்குள் அங்கே குடியேறிவிட்டேன். ஜன்னல், ஜன்னலில் பைன் மரம், மரத்தில் பனி, பனியைப் பார்த்தபடி ஸ்வெட்டரில் நான். ஸ்வெட்டரின் நிறம்வரை முடிவாகியிருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். வேலம்பாளையத்தில் எங்கள் அப்பா சின்னதாக ஒரு நிட்டிங் கம்பெனி வைத்திருந்தார். கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். கல்யாண வீட்டுக்குக்கூட அதைப் போட்டுக்கொண்டு போய்விட்டு, பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்து சட்டைப்பைக்குள் சுருட்டி வைப்பார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கையிலிருந்த துணியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"விருது வந்துச்சுன்னா போய்ட்டு வா கண்ணு. வரலீன்னா திங்கக்கெழமை கம்பெனிக்கு வந்துரு. செக்கிங்ல பாத்துக்க நம்ம ஆளு ஒருத்தர் இருக்கோணும்."

கோபமில்லை, மிரட்டலும் இல்லை. பைன் மரமா, பனியன் அளந்து அடுக்கும் செக்கிங் டேபிளா. அவ்வளவுதான் கணக்கு.

இறுதிச் சுற்றுக்கு ஒரு பெரிய வரைபடம் மாட்டி விளக்க வேண்டும். கனமான தாளில் அச்சடித்து வா என்று பேராசிரியர் தெளிவாகச் சொன்னார். "சரிங்க சார்" என்று நானும் தெளிவாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கனவு ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் தாளில் கொண்டுவருவார்கள், தாள் விறைப்பாக நிற்கும். நான் துணியில் கொண்டு போனால்? எங்கள் பக்கத்துக் குளத்தை எங்கள் ஊர்த் துணியில்? காற்றடித்தால் துணி அசையும், துணி அசைந்தால் குளத்தில் அலை எழும், நடுவர்கள் கரையில் நிற்பதுபோல் நிற்பார்கள். (இப்படி யோசிக்கிறவர்களை அறிவியல் பக்கம் விடக்கூடாது. அன்றைக்கு இதைச் சொல்ல யாருமில்லை.)

என் அண்ணன் செந்திலுக்குச் சொந்தமாக ஒரு பிரிண்டிங் யூனிட் இருந்தது. விளையாட்டு ஜெர்சிகளுக்குப் படம் அச்சடிப்பான். படத்தைத் தாளில் எடுத்து, துணிமேல் வைத்து, சூடான பிரஸ்ஸால் அழுத்தினால் நிறம் துணிக்குள் இறங்கிவிடும். விஷயத்தைச் சொன்னதும் என்னைவிட அவன்தான் அதிகம் உற்சாகமானான். கையிருப்பிலேயே உயர்ந்த பனியன் துணியை எடுத்து, இரண்டு கையாலும் ஓர் இழுப்பு இழுத்துக் காட்டினான். துணி அவன் தோளகலம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

"பாத்தியா அம்முணி. நெம்ப நல்ல ஸ்ட்ரெச்."

நானும் பார்த்துப் பூரித்துப் போனேன். இங்கேதான் எங்கள் குடும்பத்தின் மொத்த மூளையும் கோட்டை விட்டது. வேறு எந்த ஊரிலாவது ஒரு வரைபடத்தை இப்படி இழுத்துக் காட்டியிருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பதறியிருக்கும். எங்கள் வீட்டில் இழுபடுவது என்பது பாராட்டு. இழுத்த இழுப்புக்கு வருவது பிள்ளைகளின் குணம், துணியின் குலப்பெருமை. இழுத்தால் நீளாத பொருளை நாங்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்போம். வரைபடம் என்பது நீளவே கூடாத ஒரு பொருள் என்று எனக்கு, அதைப் படித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த நிமிடம் தோன்றவே இல்லை.

இறுதிச் சுற்றன்று காலை அப்பா, அண்ணன், நான் மூவரும் காரில் கோவை போனோம். அப்பா எதற்கு வந்தார் என்று இன்றுவரை கேட்டதில்லை. அரங்கத்தின் சுவரோரம் வரிசையாக மரச்சட்டங்கள் நிறுத்தியிருந்தார்கள். மற்ற மாணவர்கள் விறைத்த தாள்களை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என் துணியை விரித்தான். மடிப்புச் சுருக்கம் தெரிந்தது. அச்சுத் தொழிலில் இருப்பவனுக்கு அதைவிட அவமானம் உண்டா? நாலு மூலையிலும் கிளிப் போட்டு, சுருக்கம் போகும்வரை இழுத்தான். பிறகு அழகுக்காக இன்னும் கொஞ்சம் இழுத்தான்.

அப்புறம் மின்விசிறி ஓடியது. துணி மெல்ல விம்மித் தணிந்தது. என் குளத்தில் நிஜமாகவே அலை எழுந்தது. பக்கத்தில் நின்ற மாணவர்கள் தங்கள் தாள்களை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். ஒரு பெண் கரையைத் தொட்டுப் பார்த்தாள். என் வாழ்க்கையின் அந்த ஐந்து நிமிடங்களை யாராவது வானத்திலிருந்து படமெடுத்து வைத்திருக்கலாம்.

நடுவர்கள் வந்தார்கள். நடுவில் இருந்தவர், காட்டன் புடவை கட்டிய, பேச்சில் சத்தமே வராத ஓர் அம்மா. நான் குளம் ஒடுங்கும் கதையை உருகி உருகிச் சொன்னேன். அவர் தலையாட்டியபடியே கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடி ஸ்கேலை எடுத்தார். என் அறிக்கையின் ஒரு பக்கத்தைப் பார்த்தார். ஸ்கேலைத் துணிமேல் வைத்தார். மறுபடி அறிக்கையைப் பார்த்தார்.

"ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை மீட்டர்னு கீழ எழுதியிருக்கீங்க. அந்தக் கணக்குல பார்த்தா இன்னைக்கு இருக்கிற குளம், உங்க அறிக்கையில இருக்கிற பழைய குளத்தைவிடப் பெருசா இருக்கேம்மா?"

அரங்கத்தின் மின்விசிறி ஒரு சுற்று சுற்றி முடித்தது. அதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அண்ணன் இழுத்தது சுருக்கத்தை இல்லை, என் இரண்டு வருட ஆய்வை. ஆனால் படித்தவள் சும்மா தோற்பாளா? எழுதிய கணக்கை விட்டுவிடுங்கள், துணியிலேயே அளவுக்கோடு ஒன்று அச்சாகியிருக்கிறது, துணி இழுபட்டால் அதுவும் சேர்ந்துதானே இழுபடும், அதை வைத்துப் பார்த்தால் சரியாக வரும் என்று வாதாடினேன். அவர் ஆர்வமாகக் கேட்டுவிட்டு, ஸ்கேலைக் குறுக்கே வைத்திருந்ததை நெட்டுக்குத்தாகத் திருப்பினார். பனியன் துணி அகலத்தில் தாராளமாக இழுபடும், நீளத்தில் கொஞ்சம்தான் இழுபடும். இது திருப்பூரில் நடக்கப் பழகும் குழந்தைக்குத் தெரியும். என் வரைபடத்தில் கிழக்கு மேற்காக ஒரு அளவு, வடக்கு தெற்காக வேறொரு அளவு. உருண்டையாக இருந்த குளம் இட்லிபோல அமுங்கிக் கிடந்தது.

நான் அடுத்த வாதத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து வந்துகொண்டிருந்தார்.

அவருக்கு என் ஆய்வு புரியவில்லை, விருது புரியவில்லை. ஆனால் ஒருவர் துணியைத் தப்பாக அளப்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"ஏனுங்க மேடம், இழுத்து மாட்டுன துணிய அளந்தா எப்படிங்க? லூசுல உட்டுப்போட்டுத்தானுங்க அளக்கோணும்."

சொல்லிக்கொண்டே கிளிப்புகளைக் கழற்றினார். நடுவர்களின் மேஜையிலிருந்த தண்ணீர்ப் பாட்டில்களை ஓரம் தள்ளினார். துணியை விரித்து, இழுக்காமல், உள்ளங்கையால் ஒரு குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பதுபோல நீவிவிட்டார். சட்டைப்பையிலிருந்து டேப் வந்தது. மூன்று நடுவர்களும் தங்களை அறியாமல் குனிந்தார்கள். அப்பா குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு டேப்பை வைத்து அளவு சொன்னார். அந்த அம்மா அறிக்கையைப் பார்த்தார். இப்போது குளம் அறிக்கையில் இருப்பதைவிடச் சின்னதாகிவிட்டது. தாராபுரமே திருப்பூருக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்தது.

"பிரஸ் சூட்டுல சுருங்கிருச்சுங்கப்பா," என்றான் அண்ணன், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, மாட்டினா ஒரு அளவு வருது, விரிச்சா ஒரு அளவு வருது. அப்போ உண்மையான அளவு எதுங்க?"

அப்பா அவசரப்படவில்லை. ஒரு ஓரத்தை விரலிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். நாற்பது வருடத் தொழில் நாணயத்தோடு பதில் சொன்னார்.

"ஒரு துவை தொவைச்சாத்தானுங்க தெரியும்."

அரங்கமே சிரித்தது. நடுவர்கள் சிரித்தார்கள், மாணவர்கள் சிரித்தார்கள், தேநீர் கொண்டுவந்தவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் இருந்ததைப் பார்த்ததும் டேப்பை மெதுவாகச் சுருட்டத் தொடங்கினார்.

போகும்முன் அந்த அம்மா என் தோளைத் தொட்டார். "உன் வேலை நல்ல வேலைம்மா. கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆனா அளந்தா நிக்காத வரைபடத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" விருது, தாளில் ஒட்டியிருந்த ஒரு பையனுக்குப் போனது. அவனுடைய வரைபடத்தில் அலையே இல்லை. பைன் மரமும் ஜன்னலும் அவனுக்குப் போயின. ஸ்வெட்டரை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

துணியைச் சுருட்டிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு காரில் திரும்பினோம். அவிநாசி நெருங்கும்போது அப்பா முன் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்: "நான் எந்திரிச்சு வந்திருக்கக் கூடாது."

அதெல்லாம் இல்லீங்கப்பா என்றேன்.

"அடுத்த வருசம் தாள்லயே போட்டுக்கலாம் கண்ணு. கெட்டியான தாளா நானே வாங்கியாறேன்."

சரிங்கப்பா என்றேன். அது மாணவர்களுக்கான விருது. அடுத்த வருடம் நான் மாணவி இல்லை. அது அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை செக்கிங்குக்குப் போனேன். பனியன்களை விரித்து, இழுக்காமல் நீவி, அளந்து அளந்து அடுக்கினேன். வேலை இல்லாத நேரத்தில் அளவுச் சீட்டுகளின் பின்பக்கத்தில் ஏதோ எழுத ஆரம்பித்தேன். அங்கே எத்தனை ஹெக்டேர் என்று யாரும் கேட்கவில்லை. அந்த எழுத்தில்தான் இன்றைக்கு வந்து நிற்கிறேன்.

அப்பாவின் அந்த வாக்கியம் எங்கள் சொந்தபந்தத்துக்கெல்லாம் பொதுச் சொத்தாகிவிட்டது. புது மாப்பிள்ளை எப்படி? ஒரு துவை தொவைச்சாத்தான் தெரியும். புது மேனேஜர்? ஒரு துவை. தேர்தல் முடிந்து புது ஆட்சி வந்தாலும் அண்ணன் டிவியைப் பார்த்து அதையேதான் சொல்கிறான். அவனுடைய பிள்ளைகளின் சிநேகிதர்கள் வந்தால் முதலில் அந்தக் கதை, பிறகுதான் காபி. சொல்லச் சொல்லக் கதையும் அகலத்தில் இழுபட்டுக்கொண்டே போகிறது. போன தீபாவளிக்கு அரங்கத்தில் ஒரு அமைச்சரும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

என் முதல் புத்தகம் வந்தபோது அப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து அட்டையைத் தடவினார். உள்ளே ஒரு பக்கத்தைத் திறந்தார். படிப்பார் என்று நினைத்தேன். அவர் தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, லேசாக, மிக லேசாக இழுத்துப் பார்த்தார். தாள் நீளவில்லை.

"இது நிக்கும் கண்ணு," என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள், சமையலறையிலிருந்து, குக்கர் சத்தத்தையும் மீறி, அம்மாவின் குரல் வந்தது.

"எதுக்கும் ஒரு துவை தொவைச்சுப் பாருங்க."